வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்பு பகிர முடியவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

சுங்கை சிப்புட்டில் ஒரே வீட்டில் மூன்று விதமான கணினிகள் இருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. தோட்டத்து ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதும் அப்பாவின் மேசைக் கணினியில் விண்டோஸ் இருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறைக்கு வரும் மகள் மேக்புக் கொண்டு வருகிறாள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினியை எறிய மனமில்லாதவர்கள் அதில் லினக்ஸ் வகை இயங்குதளங்களான உபுண்டுவோ லினக்ஸ் மிண்டோ போட்டுக்கொள்கிறார்கள். மூன்றும் தனித்தனியே நன்றாகவே ஓடும். ஒன்றிலுள்ள படத்தையோ கணக்கையோ மற்றொன்றுக்கு மாற்ற முயலும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அக்கம் பக்கத்து வீடுகளிலும் ஆலய அலுவலகத்திலும் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்த கோளாறுகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி இங்கே பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகச் செல்லலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிட வேண்டும்.

## தொடங்கும் முன்: வட்டைத் தூக்கிச் செல்கிறீர்களா, பிணையம் வழியே அனுப்புகிறீர்களா?

கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் தன் வட்டுகளில் என்.டி.எஃப்.எஸ். முறையைப் பயன்படுத்துகிறது, 2017-க்குப் பிந்திய மேக் ஏ.பி.எஃப்.எஸ். முறையையும், அதற்கு முந்தியது எச்.எஃப்.எஸ். பிளஸ் முறையையும் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்ட்4. பெண்டிரைவ்களும் கேமரா அட்டைகளும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன.

வட்டையோ பெண்டிரைவையோ கழற்றி இன்னொரு கணினியில் செருகினால், அந்த வட்டின் முறைமையை இரண்டு கணினிகளும் அறிந்திருக்க வேண்டும். வைஃபை அல்லது கம்பி வழியே பகிர்ந்தால், வட்டு எந்தக் கணினியில் செருகப்பட்டிருக்கிறதோ அது மட்டும் அறிந்திருந்தால் போதும். மற்றக் கணினி அதனிடம் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறதே தவிர, வட்டைத் தானே தொடுவதில்லை. என்.டி.எஃப்.எஸ். வட்டில் நேரடியாக எழுத முடியாத மேக், அதே வட்டு விண்டோஸ் கணினியில் செருகப்பட்டுப் பகிரப்பட்டிருந்தால் தாராளமாக எழுதும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதால் வட்டை அழிக்காமல் தப்பித்த வீடுகள் பல. ஆகவே கீழே எந்த அறிகுறியிலும் "முறைமை ஒவ்வவில்லை" என்ற முடிவுக்கு வந்தால், வட்டை மாற்றியமைக்கும் முன், அது ஏற்கெனவே வேலை செய்யும் கணினியில் செருகிப் பிணையம் வழியே கோப்பை எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

## அறிகுறி: "வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறது

முதலில் "கேன்சல்" அழுத்தவும். இந்த அறிவிப்பு வட்டு காலியாக இருப்பதையோ கெட்டுப்போனதையோ குறிப்பதில்லை. வட்டில் இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தோட்டத்து லயன் வீடுகள் இடிக்கப்படுவதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே வெளி வட்டில் இருந்தன. அந்த வட்டு மகளின் மேக்கில் தயாரானது. அவள் ஊரில் இல்லாத நேரத்தில் தம்பி அதை விண்டோஸ் கணினியில் செருகினான், கேட்ட கேள்விக்குச் சம்மதம் கொடுத்தான், காலியாகத் தெரிந்த வட்டில் தன் கோப்புகளையும் ஏற்றிவிட்டான். ஃபார்மேட்டோடு நின்றிருந்தால் பெரும்பாலான படங்களை மீட்டிருக்கலாம். மேலே புதிய கோப்புகள் ஏறியதால் பாதிக்கு மேல் போய்விட்டன. அந்த வட்டை யாராவது ஒரு மேக்கில் செருகியிருந்தால் அத்தனை படங்களும் அப்படியே திறந்திருக்கும். இந்த வழிமுறையை எழுதத் தூண்டியது அந்த வட்டுதான்.

### இதே வட்டு வேறொரு கணினியில் திறக்கிறது

அது மேக் என்றால் வட்டு ஏ.பி.எஃப்.எஸ். அல்லது எச்.எஃப்.எஸ். பிளஸ் முறையில் இருக்கும். லினக்ஸ் என்றால் எக்ஸ்ட்4 ஆக இருக்கும். விண்டோஸ் இவற்றில் எதையும் தானாகத் திறப்பதில்லை. வட்டில் பழுது எதுவும் இல்லை. அதைத் திறக்கும் கணினியிலேயே செருகி, வேண்டிய கோப்புகளைப் பிணையம் வழியாகவோ எக்ஸ்ஃபேட் பெண்டிரைவ் வழியாகவோ மாற்றவும். வட்டை இனி எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்துவதே நோக்கம் என்றால், உள்ளே இருப்பதை முழுவதும் வேறிடத்தில் நகல் எடுத்து, நகலிலுள்ள கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பார்த்த பிறகு, எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றியமைக்கலாம். எக்ஸ்ஃபேட்டை விண்டோஸும், 2010-இல் வந்த 10.6.5 பதிப்பு முதல் மேக்கும், 2020 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கருவும் படிக்கவும் எழுதவும் செய்கின்றன.

### நேற்றுவரை இதே விண்டோஸில் திறந்தது, இன்று திறக்கவில்லை

கம்பியையும் செருகுதுளையையும் மாற்றிப் பாருங்கள். பழைய மேசைக் கணினியின் முன்பக்கத் துளைகளும் மலிவான யூ.எஸ்.பி. பிரிப்பான்களும் வெளி வட்டுக்குத் தேவையான மின்சாரத்தைத் தராமல் போவதுண்டு. பின்பக்கத் துளையில் நேராகச் செருகியதும் வட்டு உயிர்பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதில் சரியாகவில்லை என்றால், நகல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதா அல்லது யாராவது வட்டை அப்படியே உருவினார்களா என்று வீட்டில் விசாரிக்கவும். நம் பக்கத்தில் மாலை வேளையில் இடி மழை வந்து மின்சாரம் துண்டிக்கப்படுவது புதிதன்று. செய்துகொண்டிருந்த மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4 போன்றவற்றில் உண்டு, எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-இலும் இல்லை. அதனால் திடீர் துண்டிப்பு இவ்விரண்டையும் கூடுதலாகப் பாதிக்கிறது. கோப்புகள் தெரிந்தால் முதலில் அவற்றை நகல் எடுங்கள். பிறகு வட்டின் மேல் வலச் சொடுக்கு செய்து, "பிராப்பர்டீஸ்", "டூல்ஸ்", "செக்" என்ற வரிசையில் சென்று சோதனையை ஓடவிடுங்கள். கோப்பே தெரியாத நிலையில், ஈடு செய்ய முடியாத படங்கள் உள்ளே இருந்தால், இந்தச் சோதனையை ஓட்ட வேண்டாம். பழுதைத் திருத்தும் முயற்சியில் அது வட்டின் மேலேயே எழுதும்.

### எந்தக் கணினியிலும் திறக்கவில்லை

விண்டோஸின் "டிஸ்க் மேனேஜ்மெண்ட்" பகுதியைத் திறந்து வட்டின் கொள்ளளவைப் பாருங்கள். கொள்ளளவு சரியாகக் காட்டி, முறைமையின் பெயர் இல்லாமலோ "ரா" என்றோ இருந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணை மட்டும் சிதைந்திருக்கலாம். மீட்பு மென்பொருளால் படிக்க வாய்ப்புண்டு. கொள்ளளவே காட்டவில்லை என்றால் வட்டின் வன்பொருள் பழுதாகியிருக்கக்கூடும். அதற்கு இந்தக் கட்டுரையின் கடைசித் தலைப்பைப் பார்க்கவும்.

தவறி ஃபார்மேட் செய்துவிட்டவர்களுக்கு ஒரு சொல். "குவிக் ஃபார்மேட்" அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், படங்கள் அடியில் இருக்கும். முழு ஃபார்மேட் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே வட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்பிவிடுகிறது. எது நடந்திருந்தாலும் அந்த வட்டில் மேற்கொண்டு ஒரு கோப்பும் எழுதாமல் உடனே கழற்றி வைக்க வேண்டும்.

## அறிகுறி: மேக்கில் கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்கவோ நகர்த்தவோ முடியவில்லை

கேமரா அட்டை என்றால் அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டு கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் வட்டின் படத்தைச் சொடுக்கி "கெட் இன்ஃபோ" திறக்கவும். "ஃபார்மேட்" என்ற வரியில் முறைமையின் பெயர் இருக்கும்.

அங்கே என்.டி.எஃப்.எஸ். என்று இருந்தால் மேக் அதைப் படிக்க மட்டுமே செய்யும். இது பழுதில்லை, மேக்கின் இயல்பே அப்படித்தான். கோப்பை மேக்கிற்கு நகல் எடுத்துத் திருத்தி, திருத்தியதை விண்டோஸ் கணினிக்குப் பிணையம் வழியே அனுப்புவதே செலவில்லாத வழி. வாரந்தோறும் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் வட்டை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுவது நல்லது. பணம் கொடுத்து வாங்கும் என்.டி.எஃப்.எஸ். மென்பொருள்களும் மேக்கிற்கு உண்டு. வட்டு உங்களுடையதாக இல்லாமல், மாற்றியமைக்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

எக்ஸ்ஃபேட் என்று இருந்தும் எழுத முடியவில்லை என்றாலோ, செருகி நெடுநேரம் ஆகியும் வட்டே தோன்றவில்லை என்றாலோ, முன்பு அது முறையாக வெளியேற்றப்படாமல் உருவப்பட்டிருக்கலாம். அப்போது மேக் பின்னணியில் வட்டைச் சோதித்துக்கொண்டிருக்கும். பெரிய வட்டில் இதற்கு நெடுநேரம் பிடிக்கும். வட்டின் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை கழற்ற வேண்டாம். அது ஓய்ந்த பிறகு "டிஸ்க் யுட்டிலிட்டி"யில் "ஃபர்ஸ்ட் எய்ட்" ஓட்டலாம்.

## அறிகுறி: லினக்ஸில் விண்டோஸ் வட்டு "படிக்க மட்டும்" என்று திறக்கிறது, அல்லது திறக்க மறுக்கிறது

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றேதான். விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இருக்கிறது. "ஷட் டவுன்" அழுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில், வட்டைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அதன் மறுப்பு நம் நன்மைக்கே. வலுக்கட்டாயமாக எழுதச் செய்யும் கட்டளைகளை நாட வேண்டாம். விண்டோஸுக்குத் திரும்பி, "ஷிஃப்ட்" விசையை அழுத்திக்கொண்டே "ஷட் டவுன்" கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக அணையும். நிரந்தரத் தீர்வுக்கு "கண்ட்ரோல் பேனல்", "பவர் ஆப்ஷன்ஸ்", "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்ற இடத்தில் அந்த வசதியின் குறியை எடுத்துவிடவும்.

அதை எடுத்த பிறகும் மறுத்தால், மின்தடையால் வட்டில் பழுதுக்குறி விழுந்திருக்கும். முதல் அறிகுறியில் சொன்ன "செக்" சோதனையை விண்டோஸிலேயே ஓட்டுங்கள், என்.டி.எஃப்.எஸ். வட்டைத் திருத்தும் வேலைக்கு விண்டோஸின் சொந்தக் கருவியையே நான் நம்புகிறேன்.

வட்டு பூட்டப்பட்டிருப்பதாகவோ திறவுகோல் வேண்டுமென்றோ கேட்டால் அது விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் உரிமையாளர் கேட்காமலேயே இது இயங்கத் தொடங்கியிருக்கக்கூடும். மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்டது. மடிக்கணினியில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லும் திறவுகோலும் இரண்டும் தொலைந்த வட்டை எந்தக் கடைக்காரராலும் திறந்து தர முடியாது. திறப்பேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி: பெரிய கோப்பு மட்டும் நகலாக மறுக்கிறது

தீமிதித் திருவிழாவின் காணொளி, திருமணக் காணொளி போன்றவற்றில் இது அடிக்கடி வரும். பெண்டிரைவில் 20 ஜி.பி. இடம் காலியாக இருக்க, 6 ஜி.பி. கோப்பை "மிகப் பெரியது" என்று மறுத்தால் அந்தப் பெண்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் பழைய தொலைக்காட்சியிலோ கார் வானொலியிலோ செருகும் பெண்டிரைவ் என்றால் மாற்ற வேண்டாம், அவற்றில் பல ஃபேட்32 மட்டுமே அறிந்தவை.

நகல் முடிந்ததாகக் காட்டியும் காணொளி பாதியில் உடைகிறதா? பெண்டிரைவ் போலியாக இருக்கலாம். வெளியே 2 டி.பி. என்று அச்சிட்டு, உள்ளே 32 ஜி.பி.யோ 64 ஜி.பி.யோ மட்டும் வைத்து, முழு அளவைக் காட்டும்படி ஏமாற்றியிருப்பார்கள். உண்மை அளவு நிரம்பியதும் வருவதெல்லாம் தொலையும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் வட்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். போலி என்று தெரிந்தால் அதற்குப் பழுதுநீக்கம் கிடையாது.

## அறிகுறி: தமிழ்ப் பெயருள்ள கோப்பில் மட்டும் தொல்லை

இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் கடைகளில் இதைக் கேட்டால் "ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அடங்கிப் போக வேண்டிய தேவையில்லை. காரணங்கள் தெளிவானவை, தீர்வுகளும் எளியவை.

### "பெயர் மிக நீளம்" என்று லினக்ஸ் மறுக்கிறது

விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை போகலாம். எக்ஸ்ட்4 முறையில் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், மேலும் உயிர்மெய்யிலுள்ள துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படும். "மாரியம்மன்" என்பதில் நம் கண்ணுக்கு 6 எழுத்துகள். கணினிக்கு 10 குறிகள், 30 பைட். ஆகவே லினக்ஸில் 85 தமிழ்க் குறிகள்தாம் அடங்கும், நம் எண்ணிக்கையில் ஏறத்தாழ 50 எழுத்து. "ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய ஆண்டுத் திருவிழா வரவு செலவுக் கணக்கு" என்று ஆரம்பித்து ஆண்டையும் செயலாளர் குறிப்பையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடக்கூடும். விண்டோஸிலேயே பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி நகல் எடுத்தால் போதும். ஆலயப் பெயரைக் கோப்புறைக்கு வைத்து, கோப்புக்கு ஆண்டும் பொருளும் மட்டும் வைப்பது நல்ல வழக்கம். லினக்ஸ் பயனர் கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால்) எல்லை இன்னும் குறையக்கூடும்.

### ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிகின்றன, அல்லது தேடினால் கிடைப்பதில்லை

"கோ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை மட்டும் சேர்ப்பது ஒரு வகை, ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது மற்றொரு வகை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். எச்.எஃப்.எஸ். பிளஸ் முறையிலுள்ள பழைய மேக் வட்டுகள் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் விசைப்பலகைகள் பொதுவாக ஒன்றாகச் சேர்த்தே எழுதும். பழைய மேக்கிலிருந்து வந்த "கோயில் கணக்கு" என்ற கோப்பும் விண்டோஸில் உருவான "கோயில் கணக்கு" என்ற கோப்பும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். ஒன்றை நகல் என்று நினைத்து அழிப்பதற்கு முன் இரண்டின் அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, இரண்டையும் திறந்து பாருங்கள். பல வேளைகளில் ஒன்றில் பழைய கணக்கும் மற்றொன்றில் புதிய கணக்கும் இருக்கும். பிறகு வைத்துக்கொள்ளும் கோப்பின் பெயரை முழுவதும் அழித்து, ஒரே கணினியில் புதிதாகத் தட்டச்சு செய்தால் பெயர் சீராகிவிடும்.

### மேக்கில் வைத்த பெயரை விண்டோஸ் ஏற்கவில்லை

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரம், மேற்கோள், சாய்கோடுகள், நிமிர்ந்த கோடு, கோணக்குறிகள் ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை. தேதியைச் சாய்கோடு போட்டு எழுதுவதால்தான் இது பெரும்பாலும் வருகிறது. 14/4/2025 என்பதை 2025-04-14 என்று எழுதினால் எங்கும் ஏற்கும், வரிசையும் ஒழுங்காக அமையும்.

### பெயர் சரி, உள்ளே இருக்கும் எழுத்து புரியாத குறிகளாகத் தெரிகிறது

இது வட்டுக்கோ முறைமைக்கோ சேர்ந்த கோளாறு அன்று. எழுத்துகளை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி குறிக்கும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்கள் அந்தந்த எழுத்துருவின் குறியாக்கத்தில் இருக்கின்றன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளில் எழுதப்பட்ட ஆலயக் கூட்டக் குறிப்புகளும் பள்ளி இதழ்களும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் திறந்த நிலையில் அப்படியே சேமித்துவிடாமல், குறியாக்கம் மாற்றும் கருவியால் யூனிகோடுக்கு மாற்றி வேறு பெயரில் சேமிக்கவும். மூலக் கோப்பை விட்டுவைக்கவும்.

## அறிகுறி: பிணையத்தில் மற்றக் கணினி தெரியவே இல்லை

இரண்டு கணினிகளும் ஒரே வைஃபை பெயரில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகளை ரவுட்டர் வேண்டுமென்றே ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும். அடுத்து விண்டோஸில் அந்த இணைப்பு "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் "பிரைவேட்" என மாற்றி, "நெட்வொர்க் டிஸ்கவரி", "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" இரண்டையும் இயக்கவும்.

பெயர் அப்போதும் தெரியவில்லை என்றால் எண் முகவரியால் அழைத்துப் பாருங்கள். பகிரும் கணினியின் வைஃபை அமைப்பில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். விண்டோஸில் கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு அந்த எண்ணை எழுதலாம். மேக்கில் "கோ" பட்டியலிலுள்ள "கனெக்ட் டு சர்வர்" சாளரத்தில் எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடுகள் ஆகியவற்றுக்குப் பின் எண்ணை எழுதலாம். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு கணினிகளின் முகவரிகளில் மூன்றாவது எண் வேறுபட்டால், உதாரணமாக ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இரண்டு தனிப் பிணையங்களை நடத்துகின்றன என்றே கொள்ளலாம். பின்கட்டு அறைக்கு அலை எட்டவில்லை என்று இணைய நிறுவனம் கொடுத்ததோடு இன்னொன்றை வாங்கி மாட்டிய வீடுகளில் இது வழக்கம். இரண்டாவதை, தனிப் பிணையம் நடத்தாமல் அலையை மட்டும் பரப்பும் "ஆக்சஸ் பாயிண்ட்" நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும்.

விண்டோஸ் எக்ஸ்பி கணினி மட்டும் தெரியவில்லை என்றால் அது பேசும் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.1-ஐப் புதிய விண்டோஸ் கைவிட்டிருக்கிறது. 2017 மே மாதம் வான்னாகிரை நச்சுநிரல் பரவியது அந்த முறையின் ஓட்டை வழியேதான். அதைத் திரும்ப இயக்க வேண்டாம். பழைய கணினியிலுள்ளதைப் பெண்டிரைவில் எடுத்துக்கொள்ளவும்.

கம்பி செருகியும் துளையின் விளக்கு எரியவில்லை, வேறு கம்பியிலும் எரியவில்லை என்றால், இடியால் அந்தத் துளை போயிருக்கலாம். மதர்போர்டை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு இணைப்பி ஒன்று போதும்; மதர்போர்டின் விலையில் அது ஒரு சிறு பங்கு.

## அறிகுறி: கணினி தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்கவில்லை

திரையைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண் பிணையத்தில் செல்லாது. அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் பிணையம் வழியே அனுமதிப்பதில்லை, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் அண்மைய விண்டோஸ் 11 பதிப்புகள் பல தடுக்கின்றன. பகிர்வதற்கென்றே ஒரு தனிக் கணக்கை, எளிய ஆங்கிலப் பெயரிலும் நல்ல கடவுச்சொல்லிலும் உருவாக்கிவிடுவதே நான் எல்லா வீடுகளிலும் செய்வது.

பகிர்வது மேக் என்றால் "ஃபைல் ஷேரிங்" பகுதியின் "ஆப்ஷன்ஸ்" உள்ளே, விண்டோஸுக்கான பட்டியலில் அந்தப் பயனர் பெயருக்கு எதிரே குறியிட்டுக் கடவுச்சொல்லை ஒருமுறை தர வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை முறை முயன்றாலும் விண்டோஸ் உள்ளே போகாது. லினக்ஸில் பகிர்வுக்கான சாம்பா என்ற மென்பொருள் தனக்கெனத் தனிக் கடவுச்சொல் வைத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்க.

## அறிகுறி: நகல் ஆமை வேகத்தில் போகிறது

ஆயிரக்கணக்கான சிறு படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் எந்த இணைப்பும் தளரும். ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள். கம்பியில் வினாடிக்கு 11 எம்.பி.யைத் தாண்டவே இல்லை என்றால் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் (வினாடிக்கு 100 மெகாபிட், மெகாபைட் அன்று) நிற்கிறது. 1000 வேகத்திற்குக் கம்பியின் எட்டு இழைகளும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். மீதி நான்கில் ஓர் இழை அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் இறங்குவதால் யாரும் கம்பியைச் சந்தேகிப்பதில்லை. 20 ஜி.பி. காணொளி நல்ல கம்பியில் மூன்று நிமிடத்தில் போகும், அறுந்த கம்பியில் அரை மணி நேரம் ஆகும்.

## அறிகுறி: கோப்பின் நேரம் 8 மணி நேரம் தள்ளித் தெரிகிறது, புள்ளியில் தொடங்கும் கோப்புகள் முளைக்கின்றன

கணினியின் உள் கடிகாரத்தை விண்டோஸ் மலேசிய நேரமாகவும் லினக்ஸ் அனைத்துலக நேரமாகவும் எடுத்துக்கொள்வதால், இரண்டும் உள்ள கணினியில் சரியாக 8 மணி நேர வேறுபாடு வரும். லினக்ஸை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி அமைத்தால் நிற்கும். புள்ளியும் அடிக்கோடும் முன்னே கொண்ட சிறு கோப்புகள் எக்ஸ்ஃபேட் வட்டில் மேக் எழுதிவைக்கும் குறிப்புகள்; நச்சுநிரல் அல்ல. படங்களுக்கும் காணொளிகளுக்கும் அருகிலுள்ளவற்றை விண்டோஸில் அழிக்கலாம்.

## அறிகுறி: வட்டு டக் டக்கென ஒலிக்கிறது, வந்து வந்து மறைகிறது

கம்பியை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒலித்தால் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை சுழலும்போதும் வட்டைப் படிக்கும் பழுதான முனை அதன் பரப்பைக் கீறக்கூடும். மீட்பு மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிடுவது இந்த நிலையில் மிகப் பெரிய கேடு. வட்டைத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

பக்கத்துக் கணினிக் கடைக்கும் தரவு மீட்பு நிலையத்துக்கும் வேறுபாடு உண்டு. கடையில் மென்பொருளை ஓட்டுவார்கள். ஒலிக்கும் வட்டுக்குத் தூசியில்லாத அறையும் மாற்று உறுப்புகளும் உள்ள நிலையம் வேண்டும். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ விசாரித்து, பார்வையிடும் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் என்ன கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு ஒப்படையுங்கள். கட்டணம் சில ஆயிரம் ரிங்கிட் வரை போகலாம். வட்டோடு ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக் கொடுங்கள்: எந்தக் கணினியில் அந்த வட்டு முதலில் தயாரானது, கடைசியாக எந்தெந்தக் கணினிகளில் செருகப்பட்டது, யாராவது ஃபார்மேட் செய்தார்களா, பூட்டு இருந்தால் அதன் திறவுகோல் என்ன. மேக்கில் தயாரான வட்டை விண்டோஸ் வட்டு என்று எண்ணிக்கொண்டு அவர்கள் தேடத் தொடங்கினால் நாளும் பணமும் வீணாகும்.